மறு: ‘அன்டெட்’ என்னும் உயிரினப் பிரிவுக்குத் தமிழ்ச்சொல்

வணக்கம்.

‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்னும், பகடை உருட்டிக் கதைமாந்தராக ஆடும் விளையாட்டின் விதிகளைத் தமிழில் எழுதிப் பார்க்கும் நம் முயற்சியில், ‘அன்டெட்’ (செத்த பின்னும் நடமாடுபவை) என்பதற்கு முன்வைக்கப்பட்டுள்ள ‘பேய்வகை’, ‘சாவிலி’ ஆகிய இரண்டையும் என்னால் ஏற்க இயலவில்லை. காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

இச்சொல் அச்சமூட்டுவதற்கான அடைமொழி அன்று. விதியின் ஓர் உறுப்பு. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974இல் கொண்டுவந்த முதல் பதிப்பிலேயே, சமயகுருவாக ஆடுபவர் இரண்டு பகடைகளை உருட்டி, எலும்புக்கூடு முதல் வாம்பயர் வரையிலான எட்டு வகைகளை விரட்டுவதற்கென ஓர் அட்டவணை இருந்தது. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் உயிரினங்கள் 14 பிரிவுகளாக வகுக்கப்பட்டன. அன்டெட் அவற்றுள் ஒன்று. (செத்ததை உயிரினம் என்று எழுத எனக்கும் கை கூசத்தான் செய்கிறது.) அப்பதிப்பின் விதிப்படி, சமயகுரு விரட்டும்போது 30 அடிக்குள் நிற்கும் அப்பிரிவினவை பகடை வீசித் தப்பாவிட்டால் ஒரு நிமிடம் விலகி ஓடியே ஆக வேண்டும், காயம் ஆற்றும் மந்திரமும் அவற்றிடம் பலிக்காது. ஆகவே, எதிரே நிற்பது இப்பிரிவைச் சேர்ந்ததா என்பதில் ஐயம் எழுந்தால் ஆட்டம் நின்று வழக்காடல் தொடங்கிவிடும்.

> பேய் என்றால் எல்லோருக்கும் புரியுமே, புதுச்சொல் எதற்கு?

எல்லோருக்கும் வெவ்வேறாகப் புரியும் என்பதுதான் இடர். பரணி இலக்கியத்தில் காளியைச் சூழ்ந்து நின்று போர்க்களத்தில் கூழ் சமைக்கும் பேய்கள் இறந்து பேயானவை அல்ல. அவை தீராப் பசியுடைய தனி இனம். கிறித்தவத் தமிழில் பேயும் பிசாசும் நரகத்துக்கு உரியவை. இவ்விளையாட்டில் அத்தகையவை ‘ஃபீண்டு’ என்னும் வேறு பிரிவில் அடங்குகின்றன. நம் ராட்சதனையும் புலித்தலையோடு வரைந்து அப்பிரிவில்தான் வைத்திருக்கிறார்கள். எங்கள் ஞாயிறு ஆட்டத்தில் சில வாரங்கள் ‘பேய்வகை’ என்றே சொல்லி ஆடினோம். சமயகுருவாக ஆடியவர் ராட்சதன் ஒருவனைக் கண்டதும் “பேயை விரட்டுகிறேன்” என்று தம் ஆற்றலைச் செலவிட்டார், அது அவனிடம் செல்லாது என்று நடுவர் அறிவித்தபோது, “அரக்கன் பேய் இல்லையா?” என்று அவர் கேட்டதற்கு எங்களுள் எவரிடமும் விடையில்லை.

> ‘சாவிலி’ சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது.

சொல் பொருந்துகிறது, பொருள் புரண்டுவிடுகிறது. தமிழில் சாவை மறுத்தால் கிடைப்பது அமிழ்தம். குறளின் ‘சாவா மருந்து’ அதுவே. சாவிலி என்றதும் சிரஞ்சீவிகள் நினைவுக்கு வருவார்களே தவிர, நடமாடும் எலும்புக்கூடு வராது. ‘அமரர்’ என்பதோ இறவாதவர் என்ற பொருளோடு பிறந்து, இன்று இரங்கல் அறிவிப்புகளில் இறந்தவர் பெயருக்கு முன்னால் நிற்கிறது. அந்த வழியும் அடைபட்டுவிட்டது. உண்மையில் இப்பிரிவின் வரையறை சாவாமை அன்று. ஒருமுறை செத்திருக்க வேண்டும், அதன் பிறகும் நடமாட வேண்டும். இவ்விரண்டையும் சொல் தாங்கினால் போதும்.

முதலில் ‘மாண்டுலவி’ என்று எழுதி வைத்தேன். ஆனால் ‘மாண்ட’ என்பதற்கு மாட்சிமை பொருந்திய என்ற பொருளும் உண்டு. பிசிராந்தையாரின் ‘மாண்டவென் மனைவி’யை இறந்த மனைவி என்று விளக்கி வகுப்பில் குட்டு வாங்கியவன் நான். ‘இறந்தியங்கி’ என்றால் தானியங்கியின் இயந்திர வாடை வருகிறது. மந்திரத்தால் அசையும் களிமண் உருவங்கள் முதலான செய்பொருள்களுக்குத் தனிப் பிரிவு இருப்பதால், ‘இயங்கி’யை அதற்கென விட்டுவைக்கலாம். எனவே ‘இறந்துலவி’ என்பதை முன்மொழிகிறேன். உலவி என்பது கணினித் தமிழில் இணைய உலவியைக் குறிப்பது தெரிந்ததே. ஆயினும் ‘இறந்து’ என்பது முன்னால் நிற்கையில் அக்குழப்பம் நேராது. ‘30 அடிக்குள் உள்ள ஒவ்வோர் இறந்துலவியும் பகடை வீச வேண்டும்’ என்ற விதிவாக்கியம் என் காதுக்கு இயல்பாகவே ஒலிக்கிறது.

பழைய சொற்களைத் தனித்தனி உயிரினங்களுக்கு ஒதுக்கலாம். ஜாம்பிக்கு ‘நடைப்பிணம்’ என்பதைவிட நல்ல சொல் அமையாது. பிணத்துள் புகுந்து பேசும் வேதாளத்தை நாமே புதிதாக இப்பிரிவில் சேர்க்கலாம். வாம்பயருக்கு ‘இரத்தக் காட்டேரி’ வழக்கில் ஊன்றிவிட்டது; காட்டேரியை ஊர்ப்புறங்களில் தெய்வமாக வழிபடுகிறார்கள் என்பதால் எனக்குச் சிறு நெருடல் உண்டு.

சமயகுருவின் ஆற்றலைப் ‘பேயோட்டல்’ எனக் குறிப்பதையும் கைவிட வேண்டுகிறேன். பேயோட்டுவது உயிருள்ளவர் உடலில் புகுந்ததை வெளியேற்றுவது. இங்கே எவர் உடலிலும் எதுவும் புகவில்லை, எலும்புக்கூடு தன் காலிலேயே நின்றுகொண்டிருக்கிறது. ‘இறந்துலவி விரட்டல்’ என்றால் போதும்.

அன்புடன்