காதுவில்லை: உங்கள் கட்டுத்தறியில் நடந்ததை எழுதுங்கள்

கொறங்காடு (வெள்ளகோவில்)

கார்த்திகையில் எங்கள் ஜெர்சி கிராஸ் மாடு கன்று போட்ட மூன்றாம் நாள் ராத்திரி பால் காய்ச்சலில் படுத்துவிட்டது. டாக்டர் கால்சியம் பாட்டிலோடு வந்து சேர்வதற்குள் போய்விட்டது. மூன்றாவது ஈற்று. இன்சூரன்ஸ் இருந்தது, பணமும் தவறாமல் கட்டியிருந்தோம். அதனால் மனசு உடைந்தாலும் கை முழுதாக உடையாது என்று நினைத்தேன்.

விடிந்ததும் சான்றிதழுக்காகப் பார்க்க வந்தவர் மாட்டின் இடது காதைப் பிடித்துத் தூக்கினார். நடுக்காதிலிருந்து நுனிவரை கிழிந்து ஆறிப்போய், வெற்றிலையை நரம்போடு கிழித்த மாதிரி இரண்டாகத் தொங்கியது. "வில்லை எங்கீங்க?" என்று, மாட்டின் அடையாள எண் போட்ட காதுவில்லையைக் கேட்டார். என் சம்சாரம் என்னைப் பார்த்தாள், நான் மாட்டைப் பார்த்தேன்.

புரட்டாசியில் கிளுவை வேலிக்குள் தலையை விட்டு அக்கட்டத் தோட்டத்துச் சோளத்தட்டை இழுக்கப் போய் அறுத்துக்கொண்டது. மஞ்சள் வைத்துக் காதை ஆற்றினோம். வில்லையைப் பற்றி யாருக்கும் சொல்லவில்லை. வில்லை இல்லாமல் பணம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அறுபதாயிரம் போனது ஒரு பக்கம். அவர் காதைத் தூக்கிப் பிடித்தபடி நின்றது இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

கோபி மருமகள்

எங்களுடையது வேறு மாதிரி. ஐப்பசி மழையில் கோமாரி ஊசிக்கு வந்தவர்கள் அப்படியே வில்லையும் போட்டுவிட்டுப் போனார்கள். பெரிய மாடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சின்னக் கிடேரி ஆறாம் நாள் தலையை உதறிக்கொண்டே இருந்தது. கொம்பு முளைக்கிற இடம் அரிக்கிறது போல என்று விட்டுவிட்டேன். ஒன்பதாம் நாள் பால் கறக்க உட்கார்ந்தபோது பக்கத்தில் நின்ற அதன் காதிலிருந்து என் தோளில் ஏதோ விழுந்தது. தட்டிவிட்டுப் பார்த்தால் புழு.

வில்லையைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் ஓட்டை கொதிக்கிற மாதிரி அசைந்தது. மாமியார் டர்பன்டைனைப் பஞ்சில் நனைத்து வைத்ததும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. எண்ணினேன், முப்பத்தாறு. அதற்கப்புறம் வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துப் பத்து நாள் போட்டோம். காது பிழைத்தது. ஆனால் இன்றைக்கும் நான் காதுப்பக்கம் கையைக் கொண்டுபோனால் அந்தக் கிடேரி பின்வாங்கும். என் கையில் சாப்பிட்டு வளர்ந்த கன்று அது.

வில்லை போட்ட புண்ணில் தினமும் கண் வைக்கவேண்டும் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மேட்டாங்காட்டுக்காரர்

வெள்ளகோவில்காரர் வருத்தப்படக்கூடாது. தப்பு உங்கள் பக்கம்தான். எனக்கும் ஒரு எருமைக்கு வில்லை விழுந்தது, தண்ணீர்த் தொட்டியில் கிடைத்தது. அன்றைக்கே மாட்டாஸ்பத்திரிக்குப் போய்ச் சொல்லிவிட்டேன், முடிந்தது.

இனிப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். வில்லையில் இருக்கும் 12 இலக்க எண்தான் அந்த மாட்டுக்கு ஆதார் மாதிரி. 2019 செப்டம்பரில் கோமாரி, கன்று வீச்சு (சினை கலைகிற) நோய் இரண்டுக்குமான தேசியத் தடுப்பூசித் திட்டம் வந்ததிலிருந்து, ஊசி போடும் மாட்டுக்கு வில்லை இருக்கவேண்டும் என்றாகிவிட்டது. ஊசி, சினை ஊசி, வைத்தியம் எல்லாமே அந்த எண்ணின் கீழ்தான் ஏறும். வில்லை விழுந்துவிட்டால் புது வில்லை போட்டு, பழைய எண்ணுக்குப் பதில் புது எண் என்று கணக்கில் மாற்றச் சொல்லவேண்டும். புது வில்லை மட்டும் போட்டுக்கொண்டு சும்மா இருந்தால் அது வேறு மாடாகிவிடும். இன்சூரன்ஸ் எடுத்திருந்தால் அங்கேயும் எழுதிக் கொடுத்து, கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல் நிற்காது.

அப்புறம் போடும்போதே இடம் பாருங்கள். நடுக்காதில், இரண்டு பெரிய நரம்புகளுக்கு இடைப்பட்ட இடத்தில் இருக்கவேண்டும். நுனிக்குப் போனால் பிய்த்துக்கொள்ளும், அடிக்குப் போனால் நரம்பில் படும். காதுக்கும் வில்லைக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி வேண்டும், ஒட்டிக் கிடந்தால் ஈரம் தங்கும், கோபிக்காரம்மாவுக்கு ஆன மாதிரி ஆகும். மழை மாதமாக இருந்தால் அன்று சாயந்திரமே வேப்பெண்ணெய் போடுங்கள். எண் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ, மாடு முழுதாகத் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ, நீங்கள் பக்கத்தில் நிற்கிற மாதிரி ஒன்று, மூன்றையும் போனில் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணைக் கட்டுத்தறிச் சுவரிலும் பெயிண்டில் எழுதி வையுங்கள். போன் தொலையும், சுவர் தொலையாது.

மாட்டை வாங்கும்போது பெயர் மாற்றத்தையும் மறந்துவிடாதீர்கள். காதில் வில்லை இருக்கிறது என்று திருப்தியாக ஓட்டி வருகிறோம். கணக்கில் விற்றவன் பெயர்தான் நிற்கும்.

செங்கப்பள்ளி

மேட்டாங்காட்டுக்காரர் கடைசியில் சொன்னது எனக்கு நடந்தது. சந்தையில் தரகரை வைத்து வாங்கிய மாடு, பைபாஸ் ஓரம் மேய்ந்தது காணாமல் போய், இரண்டு நாள் கழித்துத் தொண்டுப்பட்டியில் (அலைகிற மாட்டைப் பிடித்து அடைக்கிற இடம்) கட்டிக் கிடப்பதாகத் தகவல் வந்தது. ஓடினேன். என்னைப் பார்த்ததும் மாடு கத்தியது. அங்கிருந்தவர் வில்லை எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டு வேறு ஊர், வேறு பெயர் சொன்னார். "மாடு உங்களுதுன்னு எதை வெச்சுங்க சொல்றது?" என்றார். மாடு கயிற்றை இழுத்துக்கொண்டு என்னிடம் வரப் பார்க்கிறது, நான் என்னத்தைச் சொல்ல? விற்றவரைத் தேடிப்பிடித்துப் பேசவைத்து ஓட்டிவரச் சாயந்திரமாகிவிட்டது. அதுவரைக்கும் அது கத்திக்கொண்டே இருந்தது.

மயிலை (காங்கயம்)

நீங்கள் எல்லோரும் கலப்பின மாட்டைப் பற்றி எழுதுகிறீர்கள். காங்கயம் மாடு வைத்திருப்பவன் கதையையும் கேளுங்கள்.

நம் கன்றுகள் பிறக்கும்போது செவலை. ஆறு மாதம் வாக்கில் நிறம் மாறத் தொடங்கும். கிடேரி வெளுத்து மயிலையாகும். காளையென்றால் திமிலும் தோளும் கறுத்துக்கொண்டே போகும், காயடித்தால் அந்தக் கறுப்பு வெளுக்கும். இது காங்கயத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். எங்கள் கிடேரிக்கு நாலு மாதத்தில் கன்று வீச்சு ஊசி போட்டபோது வில்லை போட்டார்கள். நிறம் என்ற இடத்தில் பழுப்பு என்று ஏற்றினார்கள். அன்றைக்கு அது பழுப்புதான், அவர்கள்மேல் குற்றமில்லை.

தலைச்சன் கன்று போட்டதும் கடனுக்காக மாட்டைப் பார்க்க ஒரு பையன் வந்தான். ஒரு கையில் போன், இன்னொரு கையில் காது. அப்பா துண்டு முனையை எச்சில் தொட்டு வில்லையில் இருந்த சாணியைத் துடைத்துவிட்டார். பன்னிரண்டு எண்ணையும் அவன் ஒவ்வொன்றாகப் படித்தான், எல்லாம் சரியாக இருந்தது. அப்புறம் மாட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "ஐயா, இதுல பழுப்புன்னு இருக்குது, இது வெள்ளையா நிக்குதே. வில்லையக் கழட்டி வேற மாட்டுக்கு மாட்டிட்டீங்களா?" என்றான்.

அப்பாவுக்கு எழுபத்திரண்டு வயது. பழையகோட்டை மாட்டுத்தாவணியில் அவர் பேச்சை வைத்துக் காளை வாங்கிப் போகிறவர்கள் உண்டு. அவர் அந்தப் பையனிடம் கோபப்படவில்லை. "கண்ணு, அந்த மாட்டோட கன்னுக்குட்டியப் பாரு" என்று மட்டும் சொன்னார். பக்கத்தில் செவலைக் கன்று நின்றது. அவனுக்குப் புரியவில்லை. டாக்டரிடம் கடிதம் வாங்கி வரச் சொல்லிவிட்டுப் போனான். அன்று ராத்திரி அப்பா சாப்பிடவில்லை.

எங்கள் அப்பாரு (தாத்தா) காலத்தில் சூட்டுக்குறியைப் பார்த்தே எந்தத் தோட்டத்து மாடு என்று சொல்வார்கள். சுழி, கொம்பு வாட்டம், வால்முடி, கண் மை என்று ஒரு மாட்டுக்குப் பத்து அடையாளம் சொல்வார்கள். கண்ணபுரம் தேர்ச் சந்தையில் ஏழு வருஷத்துக்கு முன் விற்ற எருதை அப்பாரு நடையை வைத்தே கண்டுபிடித்துக் கூப்பிட்டதும், அது நின்று திரும்பியதும் அப்பா வாயால் நூறு தடவை கேட்டிருக்கிறேன். அந்த அறிவு இருக்கிறவரைக் கேட்காமல் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக்கைக் கேட்கிறார்கள்.

மேட்டாங்காட்டுக்காரர்

மயிலை ஐயா, உங்கள் அப்பாருவுக்குத் தெரிந்தது உங்கள் ஊரோடு சரி. கேரளாவுக்கு ஏறுகிற மாட்டை அங்கே யார் நடையை வைத்துக் கண்டுபிடிப்பார்கள்? கோமாரி எங்கே கிளம்பியது, எந்த மாட்டுக்கு ஊசி விட்டுப்போனது என்று பார்க்க எண்தான் வேண்டும். சூடு போடுவதற்கு இது ஆயிரம் மடங்கு மேல். அந்த வாயில்லா ஜீவன் சூட்டில் துடித்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். நிறத்தைப் பெரிய மாடானதும் ஒருமுறை மாற்றி ஏற்றச் சொல்லியிருந்தால் தீர்ந்தது.

மயிலை (காங்கயம்)

எண் வேண்டாம் என்று நான் எழுதவில்லை. எண் சரியாக இருந்தபோதும் அப்பாவைத் திருடன் மாதிரிக் கேட்டார்களே, அதைத்தான் எழுதினேன். சூடு விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன், எங்கள் பட்டியில் நிறுத்தி ரொம்ப நாளாகிறது.

ஊசிக்காரத் தம்பி (பொள்ளாச்சி)

இதைப் படித்துக்கொண்டே இருந்தேன், எழுதலாமா வேண்டாமா என்று யோசனையாக இருந்தது. இரண்டு சுற்று ஊசி முகாமில் வில்லை போடும் வேலைக்குப் போயிருக்கிறேன்.

ஆனைமலைப் பக்கம் ஒரு தோப்பில் ஒரு அம்மாயி தனியாக ஒரு மாடு வைத்திருந்தார். நான் இடுக்கியை எடுத்ததும், "இரு சாமி" என்று உள்ளே போய் மஞ்சளும் குங்குமமும் எடுத்துவந்து மாட்டின் நெற்றியில் வைத்தார். "காது குத்தறதுன்னா மாமன் மடி வேணுமில்ல? இதுக்கு ஆரு இருக்கறாங்க, நீயே மாமனா நில்லு" என்றார். தட்டத்தில் வெற்றிலை பாக்கும் ஒரு வாழைப்பழமும். மாட்டுக் கழுத்தை அவர் கட்டிப்பிடித்துக்கொண்டார், நான் அழுத்தினேன். இடுக்கி விழுந்த சத்தம் கேட்டதும் மாடு அசையவில்லை, அம்மாயிதான் கண்ணை மூடிக்கொண்டார்.

அன்று அதற்கு முன் ஐம்பதுக்கு மேல் போட்டிருந்தேன். மருந்துக் கிண்ணத்தில் முனையை நனைத்துத்தான் குத்தவேண்டும். கிண்ணம் பத்து மாட்டுக்கு முன்பே காலி. வண்டியில் பாட்டில் இருந்தது, நடந்துபோய் எடுத்துவர அலுப்பு. நனைக்காமலேயே குத்தினேன். நரம்பிலும் பட்டுவிட்டது, ரத்தம் கோடாக இறங்கி அம்மாயி சேலையில் விழுந்தது. "ஒண்ணும் ஆகாதுங்க அம்மாயி" என்று சொல்லிவிட்டு வாழைப்பழத்தைத் தின்றுகொண்டே அடுத்த வீட்டுக்குப் போனேன்.

ஆறு மாதம் கழித்து அடுத்த சுற்றுக்குப் போனபோது அந்த மாட்டுக்குக் காது பாதிதான் இருந்தது. அம்மாயி என்னை அடையாளம் கண்டுகொண்டு, "வா மாமா" என்று கூப்பிட்டு மோர் கொடுத்தார். காதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கோபி அக்கா, உங்கள் வீட்டுக்கு வந்தது நான் இல்லை. ஆனாலும் உங்கள் கோபம் எனக்கும் சேர்த்துத்தான்.

கோபி மருமகள்

தம்பி, எழுதியதற்கு நன்றி. அந்த மோரைக் குடித்தாயா?

ஊசிக்காரத் தம்பி (பொள்ளாச்சி)

குடித்தேன் அக்கா. வேறென்ன செய்ய. அதற்கப்புறம் கிண்ணம் காலியானால் அங்கேயே வேலையை நிறுத்திவிட்டுப் போய் நிரப்பிக்கொண்டுதான் வருவேன்.

பவானிக்கரை

வில்லை போட்டால் பால் வற்றும் என்று எங்கள் ஊரில் பாதிப்பேர் மாட்டை ஒளித்துக் கட்டினார்கள். எங்கள் மாடு இரண்டு நாள் ஒரு லிட்டர் குறைத்தது, மூன்றாம் நாள் பழையபடி வந்துவிட்டது. கோமாரி வந்தால் எத்தனை மாதம் குறையும் என்று அவர்களிடம் கேட்டேன், பதில் இல்லை. அடுத்த வருஷம் ஒளித்துக் கட்டிய ஒரு வீட்டில் கோமாரி வந்து, குளம்பு கழன்ற மாடு முட்டி போட்டுக்கொண்டே தண்ணீர்த் தொட்டிக்கு வந்ததைப் பார்த்தேன். அந்த வீட்டுக்காரரோடு இன்னும் நான் சரியாகப் பேசுவதில்லை.

கொறங்காடு (வெள்ளகோவில்)

மேட்டாங்காட்டு அண்ணா, நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. புரட்டாசியிலிருந்து கார்த்திகை வரைக்கும் இரண்டு வேளையும் அந்தக் கிழிந்த காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் கறந்தேன். நாளைக்குப் போகலாம் என்று அன்றன்றைக்குத் தள்ளினேன்.

போன வாரம் வேலிப்பக்கம் போனேன். பங்குனி வெயிலில் கிளுவை இலையெல்லாம் உதிர்ந்து குச்சியாக நிற்கிறது. நெஞ்சு உயரத்தில் மஞ்சளாக ஒன்று முள்ளில் தொங்கியது. அன்றைக்கு டார்ச் அடித்து நாங்கள் மூன்று பேர் தேடிய அதே இடம். பின்பக்கத்தில் ரோமம் இரண்டு ஒட்டியிருந்தது. எண்ணைப் படித்தேன், பாஸ்புக்கில் எழுதியிருக்கிற அதே எண். கொண்டுவந்து சாமி மாடத்தில் வைத்திருக்கிறேன். அதை வைத்து இனிப் பணம் கேட்க முடியாது என்று தெரியும்.

அது போட்ட கிடேரிக்கு இப்போது நாலு மாதம் முடிந்துவிட்டது. நாளைக்கு ஊசிக்கு வருகிறார்கள், வில்லையும் போடுவார்கள். சம்சாரம் இப்போதே வேப்பெண்ணெயும் மஞ்சளும் எடுத்து வைத்துவிட்டாள். கன்றுக்கு இன்னும் மூக்கணாங்கயிறு குத்தவில்லை, ஆள் கண்டால் துள்ளுகிறது. தலையாட்டாமல் எப்படிப் பிடிப்பது? பொள்ளாச்சித் தம்பி சொன்னால் நல்லது.

ஊசிக்காரத் தம்பி (பொள்ளாச்சி)

சுவரோரமாக நிறுத்திக்கொள்ளுங்கள் அண்ணா, ஒரு பக்கம் சுவர் இருந்தால் பாதித் துள்ளல் அடங்கிவிடும். ஒரு கை தாடைக்கு அடியில், இன்னொரு கை கழுத்தைச் சுற்றி, அதன் தலையை உங்கள் நெஞ்சோடு சேர்த்துப் பிடியுங்கள். கண்ணை உங்கள் துண்டால் மூடிக்கொண்டால் இன்னும் நல்லது. தினமும் தீனி போடுகிறவர்களே பிடிக்கட்டும். மருந்துக் கிண்ணம் நிறைய இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.