ஒகேனக்கல் தண்ணீரும் போர் தண்ணீரும் கலக்கும் தொட்டி

பென்னாகரம் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். 2006-இல் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் பற்களைப் பார்த்துத் திகைத்துப்போனேன். மஞ்சளும் காவியுமாகக் குறுக்கே கோடுகள். சிலருக்குப் பல்லின் ஓரமே பொரிந்து உதிர்ந்திருந்தது. ஒரு பெண் செங்கல் தூள் வைத்துத் தேய்த்துத் தேய்த்து ஈறெல்லாம் புண்ணாகி வந்தாள். ஒழுங்காகப் பல் துலக்குவதில்லை என்று வீட்டில் திட்டுகிறார்களாம். அழுக்காக இருந்தால் அல்லவா தேய்த்தால் போகும்? அது எனாமலுக்குள்ளேயே ஏறிவிட்ட கறை.

எங்கள் பகுதியில் பாறையில் இருக்கும் ஃபுளோரைடு என்ற உப்பு, போர் எனப்படும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் கரைந்து வருகிறது. அளவு மீறினால் பல்லில் கறை ஏறும், வருடக்கணக்கில் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகிவிடும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது வரம்பு. நிறமில்லை, வாடையில்லை, அதனால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. கொதிக்க வைத்துக் குடித்தாலும் பயனில்லை. தண்ணீர்தான் ஆவியாகிச் சுண்டும், ஃபுளோரைடு அப்படியே தங்கிவிடும். என் மாமியார் ஐம்பத்தைந்து வயதிலேயே தரையில் சம்மணம் போட்டு உட்கார முடியாமல், சாப்பாட்டுத் தட்டைக் கையில் ஏந்தித் திண்ணை ஓரத்தில்தான் சாப்பிடுவார். அது வயதின் கோளாறு என்றே அவர் கடைசிவரை நம்பினார்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். கர்நாடகத்தில் எதிர்ப்பு எழுந்து சில மாதம் நின்றது. ஜப்பான் கடனுதவியோடு சுமார் 1,928 கோடி ரூபாய் செலவில் முடிந்து, 2013 மே மாதம் திறந்தார்கள். காவிரியில் எடுத்த நீரைச் சுத்திகரித்து, மேட்டில் மடம் கிராமத்துத் தொட்டிக்கு ஏற்றி, அங்கிருந்து தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் வரை கொண்டுபோகிறார்கள். பெரிய வேலை, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் ஒரு கணக்கு மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. நிரந்தரப் பற்களின் எனாமல் ஏறக்குறைய எட்டு வயதுக்குள் உருவாகி முடிந்துவிடும். அடிக்கல் நாட்டிய அன்று பிறந்த குழந்தைக்குத் திறப்பு விழாவின்போது ஐந்து வயது தாண்டிவிட்டது.

எங்கள் ஊர்க் குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் வந்த அன்று வீதியே நிறைந்திருந்தது. பருப்பு சீக்கிரம் வேகிறது என்று பெண்கள் ஒரு வாரம் அதையே பேசினார்கள். இனிக் கவலை இல்லை என்று நானும் நம்பிவிட்டேன்.

2019-இல் பள்ளிக்கு வந்திருந்த சோதனைப் பெட்டியை வைத்து வகுப்பில் செய்து காட்டினேன். குழாய்த் தண்ணீரில் மருந்துச் சொட்டு விட்டால், ஃபுளோரைடு குறைவென்றால் இளஞ்சிவப்பாகவே நிற்கும், கூடக்கூட மஞ்சளாகும். மஞ்சளானது. மருந்து கெட்டுவிட்டதோ என்று மறுபடி செய்தேன். மறுபடியும் மஞ்சள்.

அன்று மாலையே மேல்நிலைத் தொட்டிக்குப் போனேன். அடியில் இரண்டு குழாய்கள் ஒன்றாய்ச் சேர்ந்து ஒரே குழாயாக மேலேறுகின்றன. ஒன்று காவிரியிலிருந்து வருவது. மற்றது பக்கத்துப் போரிலிருந்து வருவது. அந்தப் போர் குழாயின் வால்வுப் பிடி கைபட்டுக் கைபட்டுப் பளபளவென்று இருந்தது. ஒகேனக்கல் வால்வின் பிடியில் துரு. இத்தனை கோடி செலவழித்துக் கொண்டுவந்த தண்ணீர், எங்கள் தெருவுக்கு முந்நூறு அடிக்கு முன்னால், எதற்குப் பயந்து வந்ததோ அதனுடனேயே கலந்துகொண்டிருந்தது.

*மறுமொழி*

டீச்சர், வணக்கம். காரிமங்கலம் பக்கம் என் அப்பா பதினான்கு வருடம் தொட்டி இயக்குபவராக இருந்தார். அந்தப் பளபளக்கும் வால்வைப் பற்றி நானும் சொல்ல வேண்டும். சாலையை அகலப்படுத்த பொக்லைன் வைத்துத் தோண்டுவார்கள், குழாய் உடையும். சரிசெய்ய நான்கு நாள் ஆகும். வழியிலேயே மோட்டார் வைத்து உறிஞ்சுகிறவர்கள் வேறு. கடைசி ஊருக்குத் தண்ணீர் நூலாகத்தான் வரும். காலை ஐந்து மணிக்கு வீட்டு வாசலில் காலிக் குடங்களோடு நிற்பவர்களிடம் என் அப்பா என்ன சொல்லியிருக்க முடியும்? போரைத் திறந்துவிடுவார். அது கெட்ட தண்ணீர் என்று அவருக்கும் தெரியும். அவருடைய முழங்காலே மடங்காது. வீட்டுக்கு வீடு இணைப்பு கொடுத்த பிறகு நிலைமை இன்னும் இறுகிவிட்டது. குழாய்கள் கூடின, தொட்டிக்கு வரும் தண்ணீர் கூடவில்லை.

*முதலில் எழுதியவரின் பதில்*

தம்பி, உங்கள் அப்பாவைக் குறை சொல்லி நான் எழுதவில்லை. எங்கள் ஊரில் வால்வைத் திறந்த அண்ணனும் இதையேதான் சொன்னார். கிராம சபையில் நாங்கள் கேட்டது ஒன்றே ஒன்று: போர் தண்ணீருக்குத் தனித் தொட்டி, தனிக் குழாய். துணி துவைக்க, பாத்திரம் கழுவ, மாட்டுக்கு அது போதும். மதிப்பீடு போட்டுப் பார்த்தால் புதிதாக ஒரு போர் போடும் செலவுகூட ஆகவில்லை. ஆனாலும் மூன்று வருடம் அலைந்தோம். புதுக் குழாய் போட எந்தத் தலைப்பிலாவது பணம் இருக்கிறது. போட்டதைப் பிரித்துச் சரிசெய்ய எந்தத் தலைப்பிலும் பணம் இல்லை என்றார்கள்.

கடைசியில் தனித் தொட்டி வந்துவிட்டது. பழைய இணைப்பை மட்டும் இன்னும் வெட்டவில்லை. திங்கட்கிழமைதோறும் எட்டாம் வகுப்பிலிருந்து இரண்டு பேர் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வந்து சொட்டு விட்டு, தேதியும் நிறமும் சுவர் அட்டையில் எழுதுகிறார்கள். இந்த ஜூனிலிருந்து இரண்டு முறைதான் மஞ்சள். இரண்டுமே குழாய் உடைந்த வாரங்கள். அந்த அட்டையைப் படம் பிடித்து மறுநாளே ஊராட்சிக்கு அனுப்பினோம்.

உங்கள் ஊர்ப் பள்ளியிலும் கேட்டுப் பாருங்கள். அந்தச் சோதனைப் பெட்டி அலமாரியில் பூட்டியே கிடக்கும். மருந்தின் தேதி முடிந்திருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.