‘ஓம்’ சொல்லிட்டு நடுவில நிண்ட பில்

கல்லடியிலிருந்து:
போன மாரியில நடந்தது. அரிசி மொத்த வியாபாரி ஒருத்தருக்கு பில் போடுற புரோகிராம் செஞ்சு குடுத்திருந்தம். காசுக் கணக்கு மட்டக்களப்புக் கடைச் சேவரில, மூட்டைக் கணக்கு கல்முனை ஸ்டோரில. ரெண்டும் போஸ்ட்கிரெஸ் எண்ட டேட்டாபேஸ். பதிஞ்சா ரெண்டு பக்கமும் பதியணும், இல்லாட்டி ரெண்டுமே வேணாம். அதால டூ பேஸ் கொமிட்: முதல் கட்டத்தில ரெண்டு பக்கமும் தயாரா எண்டு கேக்கிறது, ரெண்டும் ‘ஓம்’ எண்டா ரெண்டாம் கட்டத்தில பதியச் சொல்றது.

பின்னேரம் ஸ்டோர்காரர் கோல் எடுத்தார். “தம்பி, நாட்டரிசி பில் போகுது. கீரிச்சம்பா மட்டும் சுத்திட்டே நிக்குது.” அவரே ரெண்டு தரம் சேவரை நிப்பாட்டிப் போட்டுட்டாராம். அப்பவும் அதே கதைதான்.

விசயம் இதுதான். எங்கட புரோகிராம் ரெண்டு சேவரிட்டயும் “தயாரா?” எண்டு வாக்குக் கேட்டிருக்கு. ரெண்டும் ‘ஓம்’ எண்டதை டிஸ்கில எழுதி வச்சிட்டுதுகள். அந்த நேரம் பார்த்துக் கடையில கரண்ட் போயிட்டு. வாக்குக் கேட்ட எங்கட புரோகிராமும் அதே மெசினிலதான் ஓடினது. ‘ஓம்’ சொல்ல முன்னம் எந்தச் சேவரும் தன்ர பாட்டில விலகலாம். சொன்ன பிறகு பதியவும் ஏலாது, விலகவும் ஏலாது, கேட்ட புரோகிராம் வந்து முடிவு சொல்லுமட்டும் லொக்கை, அதாவது அந்த இருப்பை வேற ஆரும் மாத்தாமப் போட்ட பூட்டை, பிடிச்சிட்டே நிக்கணும். ரீஸ்டார்ட் பண்ணினாலும் அது அழியாது. கீரிச்சம்பா இருப்பைப் பார்க்கலாம், கழிக்க ஏலாது.

பிழை எங்கடதான். முடிவை டிஸ்கில ஒரு பதிவு ஃபைலில எழுதாம மெமரியில மட்டும் வச்சிருந்தம். டூ பேஸ் கொமிட்டைப் பற்றி 1978இல டேட்டாபேஸ் விஞ்ஞானி ஜிம் கிரே எழுதினதையே சோதனைக்குப் பாடமாக்கின ஆக்கள் நாங்க! எழுதின முடிவு இல்லாட்டி விலகிரலாம் எண்டு புத்தகத்தில இருக்கும். நாங்கதான் எப்பவுமே எழுதுறதில்லையே, அதால அதை வச்சு ஒண்டும் சொல்ல ஏலாது. ‘ஓம்’ சொல்லிட்டு முடிவுக்கு நிக்கிறதைக் காட்டுற பிஜி ப்ரிபேர்ட் எக்ஸாக்ட்ஸ் எண்ட வியூவை ரெண்டு பக்கமும் பார்த்தன். அதே பில் ரெண்டுலயும் கிடந்தது. அப்ப ஒருத்தரும் பதியல்ல. லொறியில மூட்டையும் ஏத்தல்ல எண்டு கேட்டுட்டு, ரெண்டு பக்கமும் ரோல்பேக் ப்ரிபேர்ட், அதாவது ‘விலகு’ எண்ட கட்டளை, அடிச்சன். மற்றப் பில்லெல்லாம் படபடவெண்டு விழுந்தது.

சாய்ந்தமருதிலிருந்து:
உங்கட சேவர் சொல்லுக்கு நிண்டது, நானா. எங்களுக்கு அதுவும் இல்ல. எங்கட டேட்டாபேஸ் பழைய மைஎஸ்கியூஎல், 5.6. அதில எக்ஸ்ஏ ப்ரிபேர் (‘ஓம்’ சொல்ற கட்டம்) முடிஞ்ச பிறகும் கனெக்‌ஷன் அறுந்தா தானா ரோல்பேக் ஆகிரும். 5.7.7இலதான் அதைத் திருத்தினாங்க. ரவுட்டர் ஒருக்கா விழுந்து எழும்பினதுக்குள்ள ஒரு பக்கம் பதிஞ்சு, மற்றப் பக்கம் காணாமப் போயிட்டு. லொக் இல்ல, எரர் இல்ல, ஒரு சத்தமும் இல்ல. மாசக் கடைசியில கணக்குப்பிள்ளை கொப்பியும் கையுமா வந்து நிண்டபோதுதான் தெரிஞ்சது. சுத்திட்டு நிக்கிற பில் எவ்வளவோ மேல்.

அக்கரைப்பற்றிலிருந்து:
நாங்க வாக்குக் கேட்கிற இடத்துக்கே போகல்ல. போஸ்ட்கிரெஸில மேக்ஸ் ப்ரிபேர்ட் ட்ரான்சாக்‌ஷன்ஸ் எண்ட செட்டிங், ஒரே நேரத்தில எத்தனை ‘ஓம்’ நிக்கலாம் எண்டது, சும்மா விட்டா 0. முதல் ப்ரிபேரிலேயே எரர். அரை நாள் நெட்வேர்க்கைத் திட்டிட்டு இருந்தம். கல்லடி அண்ணன், இப்ப என்ன செஞ்சு வச்சிருக்கீங்க?

கல்லடியிலிருந்து:
ரெண்டாம் கட்டத்துக்குப் போக முன்னம் முடிவை டிஸ்கில எழுதுறம். ரெண்டு நிமிசத்துக்கு மேல ‘ஓம்’ சொல்லிட்டு நிக்கிற பில் இருந்தா எனக்கு மெசேஜ் வரும். முதலாளி யூபிஎஸ் ஒண்டும் வாங்கித் தந்தார். அதில இப்ப ஃபேனையும் கொழுவியிருக்கிறாங்க.