எல்.இ.டி. பட்டையை நியான் என்று விற்கலாமா? கண்ணாடிக் குழாய் வெளிச்சம் கலையா, போர்டு வேலையா?

ஆற்காட்டான்:
தங்கை சத்துவாச்சாரியில் சின்னதாக ஒரு காபிக் கடை போட்டிருக்கிறாள். உள்சுவரில் 'வேலூர்' என்று நியான் எழுத்து வேண்டும் என்று ஆசைப்பட்டு ஒரு கடையில் ஆர்டர் கொடுத்தோம். வந்தது அக்ரிலிக் தகட்டில் ஒட்டிய சிலிகோன் பட்டை, உள்ளே எல்.இ.டி. இது வாயு நிரப்பிய கண்ணாடிக் குழாய் நியான் இல்லையே என்றால் "இப்போ இதுதான் சார் நியான்" என்கிறார்கள். மதிய வெயில் நேராக விழும் சுவர் அது. நம் ஊர் மே மாதம் எப்படி என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஒரே கோடையில் பட்டை மஞ்சளித்துவிட்டது, 'லூ' பாதி அணைந்து கிடக்கிறது. காசு போனதைவிட அந்தப் பெயரை அதற்கு வைத்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. என் சித்தப்பா சென்னையில் போர்டுக் கம்பெனிகளுக்கு இருபது வருடம் நியான் குழாய் வளைத்தவர், இப்போது வாலாஜாவில் இருக்கிறார். அவர் கையால் செய்தது கண்ணாடிக் கலை. பட்டையை வெட்டி ஒட்டுவதை அதே பெயரில் அழைக்கக்கூடாது என்பது என் கட்சி.

காட்பாடி டிசைனர்:
அண்ணா, நான் அந்தப் பட்டை வேலைதான் செய்கிறேன், அதனால் பதில் சொல்லியே ஆகவேண்டும். உங்களுக்கு வந்தது மட்டமான சரக்கு, அதை வைத்து மொத்தத் தொழிலையும் எடை போடாதீர்கள். பெயர் விஷயத்துக்கு வருகிறேன். எந்த மெஷினில் நகல் எடுத்தாலும் ஜெராக்ஸ் என்றுதானே சொல்கிறோம்? யாரும் சண்டைக்குப் போவதில்லை. என் பட்டை 12 வோல்ட்டில் எரிகிறது, குழந்தை கை வைத்தாலும் பயமில்லை, பைக்கில் கட்டிக்கொண்டு குடியாத்தம் வரை போகலாம். கண்ணாடிக் குழாய்க்கு 15,000 வோல்ட் வரை டிரான்ஸ்ஃபார்மர் வைக்கிறார்கள். அதை யார் தங்கள் கடைச் சுவரில் மாட்டுவார்கள்? கலை என்று பேசினால், டான் ஃப்ளாவின் என்ற அமெரிக்கர் 1963லிருந்து கடையில் கிடைக்கும் சாதாரண டியூப்லைட்டை வாங்கி வைத்தே பெரிய கலைஞர் ஆனார். அவர் ஒரு குழாயைக்கூட வளைக்கவில்லை. அப்படியானால் என் பட்டை மட்டும் ஏன் கலை ஆகாது?

ஆற்காட்டான்:
ஃப்ளாவின் டியூப்லைட்டை டியூப்லைட் என்றே சொன்னார் தம்பி, வேறு பெயர் சொல்லி விற்கவில்லை. ஜெராக்ஸ் எடுத்தால் எனக்கு வேண்டிய நகல் கைக்கு வருகிறது. இங்கே நான் கேட்ட பொருளே வரவில்லை.

சித்தப்பா வேலை செய்வதைச் சின்ன வயதில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், அதைச் சொல்கிறேன். எழுத்தை முதலில் தாளில், முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பி வரைவார், ஏனென்றால் வளைப்பது பின்பக்கத்திலிருந்து. குழாயின் ஒரு முனையைத் தக்கையால் அடைத்துவிட்டு மறுமுனையில் மெல்லிய ரப்பர் டியூப் மாட்டி அதன் நுனியை வாயில் கடித்துக்கொள்வார். நீளமாக எரியும் பர்னர் மேல் குழாயை இரண்டு கையாலும் உருட்டிக்கொண்டே இருப்பார், அது கூழ் மாதிரி தொய்ய ஆரம்பித்ததும் தீயிலிருந்து எடுத்து, தாளின் மேல் வைத்து, வளைத்து, அந்த நொடியே மெதுவாக ஊதுவார். ஊதாவிட்டால் வளைவில் குழாய் சப்பையாகிவிடும், கூடுதலாக ஊதினால் வீங்கிவிடும். சில நொடிதான் அவகாசம், அதற்குள் கண்ணாடி இறுகிவிடும். வளைவு தப்பினால் அந்தத் துண்டைத் தூக்கிப் போட வேண்டியதுதான். மூச்சும் கையும் ஒன்றாக ஓடவேண்டிய வேலை இது, பட்டையில் அது எங்கே இருக்கிறது?

பாகாயம் லேப்:
கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். இரண்டு பேரும் ஒளி எங்கிருந்து வருகிறது என்பதை விட்டுவிட்டீர்கள். குழாயின் முனைகளில் மின்சாரம் செல்லும் எலெக்ட்ரோடு பொருத்தி, காற்றை உறிஞ்சிவிட்டு, உள்ளே பலமான மின்சாரம் செலுத்திக் கண்ணாடியைச் சூடாக்குவார்கள், ஒட்டியிருக்கும் அழுக்கு வெளியேறத்தான். குழாய் மேல் ஒரு துண்டுக் காகிதம் வைத்திருப்பார்கள், அது கருக ஆரம்பித்தால் சூடு போதும் என்று அர்த்தம். அப்புறம்தான் வாயு, அதுவும் சாதாரணக் காற்றழுத்தத்தில் நூறில் ஒன்றிரண்டு பங்கு. மின்னழுத்தம் ஏறியதும் அது பிளாஸ்மா, அதாவது மின்சாரம் கடத்தி ஒளிரும் வாயு ஆகிறது. நியானின் அந்தச் சிவப்பு கலந்த ஆரஞ்சு அணுவின் சொந்த நிறம், யாரும் பூசியதில்லை. வேதியியலாளர்கள் ராம்சேயும் டிராவர்ஸும் 1898இல் லண்டனில் இந்த வாயுவைக் கண்டுபிடித்தபோது அவர்களுக்கு அடையாளம் காட்டியதே அந்தச் சிவப்புதான். 1910இல் ஜார்ஜ் கிளாட் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் விளக்காக ஏற்றினார். காற்றைத் திரவமாக்கி ஆக்சிஜன் பிரிக்கும் தொழிலில் இருந்தவர், நியான் அவருக்கு உபரியாகக் கிடைத்தது.

பட்டையில் வரிசையாக இருக்கும் புள்ளி விளக்குகளின் ஒளியை மேலே உள்ள உறை பரப்பிக் காட்டுகிறது, பெரும்பாலும் ஒரு பக்கமாக. குழாயில் வாயு முழுவதும் ஒளிர்வதால் ஒளி சுற்றிலும் வரும், ஒரு குழாய் இன்னொன்றின் பின்னால் போனால் அந்த ஆழம் கண்ணுக்குத் தெரியும்.

எனக்கு இதைவிடப் பிடித்தது பிளாஸ்மா உருண்டை. வாயு நிரப்பிய கண்ணாடி உருண்டை, நடுவில் ஒரே எலெக்ட்ரோடு, வேகமாக மாறும் உயர் மின்னழுத்தம், விரல் வைத்த இடத்துக்கு ஒளி இழை ஓடி வரும். இன்று நாம் பார்க்கும் வடிவத்தை 1971இல் பில் பார்க்கர் எம்.ஐ.டி.யில் மாணவராக இருந்தபோது உருவாக்கினார். கண்ணாடியை உருண்டையாக இல்லாமல் சங்கு மாதிரி ஊதினால் இழை அந்தச் சுழியில் ஓடும். ஊதுகிறவர்தான் மின்னலுக்குப் பாதை போடுகிறார். எங்கள் ஆய்வகத்தில் மாணவர்கள் சாப்பாட்டு நேரத்திலும் அதைச் சுற்றித்தான் நிற்பார்கள்.

ராணிப்பேட்டைவாசி:
நீல நிறத்துக்கு ஆர்கானோடு பாதரசம் சேர்ப்பார்கள் என்பதை யாருமே சொல்லவில்லையே. குழாய் உடைந்தால் அது எங்கே போகும்? தொழிற்சாலை குரோமியக் கழிவை மலை மாதிரி குவித்துவிட்டுப் போன ஊரில் இருந்து எழுதுகிறேன். அழகான பொருள் செய்கிறோம் என்றுதான் எல்லாரும் ஆரம்பிக்கிறார்கள், கடைசியில் கிணற்றுத் தண்ணீர் மஞ்சளாக வருவது எங்கள் வீட்டில். இன்னொரு நச்சு வேலையைக் கலை என்ற பெயரில் இந்தப் பக்கம் கொண்டுவராதீர்கள்.

ஆற்காட்டான்:
நீங்கள் சொல்வதற்கு என்னிடம் மறுப்பு இல்லை ஐயா. பாதரசக் குழாய் வேண்டாம். நியான் மட்டும் நிரப்பிய குழாயில் பாதரசமே கிடையாது, நிறம் கொஞ்சம் மாறவேண்டும் என்றால் நிறக் கண்ணாடியிலேயே வளைக்கலாம். நீலம் இல்லாமல் போகட்டும். தங்கைக்கும் சிவப்புதான் வேண்டும்.

கரிகிரி மண்:
முப்பது வருடம் ஓவிய ஆசிரியையாக இருந்தவள். ஆற்காட்டான் சொல்வதில் எனக்கு ஒரு குறை இருக்கிறது. 1951இல் மிலானில் லூசியோ ஃபோன்டானா என்ற கலைஞர் சுமார் 100 மீட்டர் நியான் குழாயைச் சுழற்றிச் சுழற்றி மாடிப்படி மேல் தொங்கவிட்டார், எல்லாப் புத்தகத்திலும் அவர் பெயர் இருக்கிறது. தீயில் நின்று வளைத்தவர் பெயர் எங்கே? கரிகிரிப் பானையை வாங்கி வரவேற்பறையில் வைப்பவர்களுக்கு அதை வனைந்தவர் பெயர் தெரியாது, அதே கதைதான். சித்தப்பாவைப் பற்றி இவ்வளவு பாசமாக எழுதுகிறீர்களே, அவர் செய்த போர்டு ஒன்றிலாவது அவர் பெயர் இருந்ததா? அதைக் கேட்காமல், பட்டைக்கு நியான் பெயர் வைக்கலாமா என்று சண்டை போடுவது எனக்குச் சின்ன விஷயமாகப் படுகிறது. டிசைனர் தம்பியும் கையால் உழைப்பவர்தான்.

ஆற்காட்டான்:
இல்லை டீச்சர், ஒன்றில்கூட இல்லை. நேற்று ராத்திரி போன் செய்து கேட்டேன். "பேர் எதுக்குடா, எரிஞ்சா போதாதா" என்றார். அவருக்குப் போதும், எனக்குப் போதவில்லை. ஆனால் பெயர்ச் சண்டை சின்னதில்லை டீச்சர். பட்டையே நியான் ஆகிவிட்டால், குழாய் வளைக்கிற ஆள் வேண்டும் என்று கேட்கக்கூட யாருக்கும் வார்த்தை இருக்காது.

காட்பாடி டிசைனர்:
பெயரில் இன்னும் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன் அண்ணா, வாடிக்கையாளர் கேட்கும் வார்த்தையில்தான் நான் விலை சொல்ல முடியும். ஆனால் ஒரு சந்தேகம். 'வேலூர்' என்பதை ஒரே குழாயில் வளைத்தால் கடைசி 'ர்' மேல் புள்ளி எப்படி வரும்? பட்டையில் நான் தனியாக ஒரு துண்டு ஒட்டிவிடுவேன்.

ஆற்காட்டான்:
தனியாக வராது. குழாயைப் பின்பக்கமாக மேலே கொண்டுபோய், புள்ளி வேண்டிய இடத்தில் மட்டும் முன்னால் ஒரு சின்ன மடிப்பு கொடுத்து, திரும்பவும் பின்னால் இறக்குவார். அப்புறம் அந்த மடிப்பு தவிர, மேலே போய் இறங்கும் குழாய்க்கெல்லாம் கறுப்புப் பெயிண்ட். எரியும்போது புள்ளி மட்டும் அந்தரத்தில் நிற்கும், பின்னால் வாயு தொடர்ந்து ஓடிக்கொண்டே இருக்கும். சித்தப்பாவின் பர்னர் இன்னும் வேலை செய்கிறது, ஞாயிற்றுக்கிழமை 'ர்' மட்டும் வளைத்துக் காட்டுகிறேன் என்கிறார். வாலாஜாவுக்கு ஏழு மணிக்குள் வந்துவிடுங்கள், வெயில் ஏறினால் அந்தத் தீ பக்கத்தில் நிற்க முடியாது. விசிறியும் போட விடமாட்டார், தீ ஆடும்.

கரிகிரி மண்:
நானும் வருகிறேன். வளைத்து முடித்ததும் பின்பக்கம் அவர் பெயரை எழுதச் சொல்லுங்கள், பெயிண்ட் நான் கொண்டுவருகிறேன்.