அவசரம்: பெரிய ஃபைல் பாதியில நின்னுடுது, நல்ல ஃப்ரீ சைட் சொல்லுங்க

ஆல்பம்தம்பி
வணக்கம். பார்ட்டிக்கு (கஸ்டமருக்கு) கல்யாண வீடியோ அனுப்பணும். ஃப்ரீ சைட்ல போட்டா பாதியில நின்னுடுது. மூணு சைட் மாத்திப் பார்த்தாச்சு. காசு கட்டாம பெரிய ஃபைல் அனுப்ப எது நல்லது? இன்னிக்கு ராத்திரிக்குள்ள போகணும்.

வயர்மேன்
எத்தனை ஜிபி? நிக்கிறது நீங்க ஏத்தும்போதா, அவர் இறக்கும்போதா?

நெட்டுக்காரன்
அப்லோடு ஸ்பீடுதான், சந்தேகமே இல்லை. பிளான்ல போட்டிருக்கிற நம்பர் பெரும்பாலும் டவுன்லோடுக்குத்தான். ஸ்பீடு டெஸ்ட்ல அப்லோடு பாருங்க. 10 எம்பிபிஎஸ்னா ஒரு ஜிபிக்கு 14 நிமிஷம் ஆகும். நடுவுல லேப்டாப் தூங்கினா அறுந்துடும். ஸ்லீப்பை 'நெவர்'ல வைங்க, வைஃபையை விட்டுட்டு லேன் ஒயர் போடுங்க.

ராஜபார்ட்
ஜிப் பண்ணி அனுப்புங்க ப்ரோ, பாதியாயிடும்.

பழைய மோடம்
'பெரிய ஃபைல்'ங்கறது ஒரு அளவா தம்பி? ஜிமெயிலுக்கு 30 எம்பியே பெருசு. அளவு, ஃபார்மட், எர்ரர்ல வந்த வாசகம், இந்த மூணும் இல்லாம கேட்டா ஜோசியம்தான் சொல்லணும்.
ஜிப் பண்ணா பாதியாகும்னு சொன்னவருக்குத் தனி வணக்கம். எம்பி4 ஏற்கெனவே பிழிஞ்ச கரும்பு. சக்கையைத் திரும்ப ஆலையில விட்டா என்ன வரும்?

ராஜபார்ட்
பிஎஸ்டி (ஃபோட்டோஷாப்) ஃபைல் எல்லாம் நல்லாவே சுருங்குதே?

பழைய மோடம்
பிஎஸ்டி, பிஎம்பி படம், வேவ் ஆடியோ எல்லாம் சுருங்கும். ஜேபெக், எம்பி3, எம்பி4 சுருங்காது. நூத்துக்கு ஒண்ணு குறைஞ்சா பெரிய விஷயம்.

குட்டித்திரை
ஃபயர்ஃபாக்ஸ் சென்ட் நல்லா இருக்கும்.

பழைய மோடம்
2020 செப்டம்பர்லயே மூடியாச்சு.

தறிநூல்
அளவு தெரியாட்டியும் பொதுவாச் சொல்றேன். ஸ்விஸ்டிரான்ஸ்ஃபர்ல கணக்கே தொடங்காம 50 ஜிபி வரை போடலாம், லிங்க் 30 நாள் வரை இருக்கும். வோர்ம்ஹோல் 10 ஜிபி வரை எடுக்கும். ஆனா 5 ஜிபியைத் தாண்டினா ஃபைல் அவங்க சர்வர்ல தங்காது, உங்க கம்ப்யூட்டர்ல இருந்து நேரா அவருக்குப் போகும். அவர் இறக்கி முடிக்கிற வரை நீங்க அந்த டேபை மூடக் கூடாது. நிறைய பேர் லிங்க் வந்ததும் மூடிட்டு 'வேலை செய்யலை'ம்பாங்க. கூகுள் டிரைவ்ல 15 ஜிபி இலவசம்தான், ஆனா அந்த 15-ல ஜிமெயிலும் ஃபோட்டோஸும் சேர்த்தி. மொதல்ல மிச்சம் எவ்வளவுன்னு பார்த்துக்கணும்.

குட்டித்திரை
டெலிகிராம்?

தறிநூல்
காசு கட்டாட்டி ஒரு ஃபைலுக்கு 2 ஜிபிதான், வாட்ஸ்அப் டாக்குமென்ட்டும் அதே. ரெண்டுலயும் ஃபைலா அனுப்பணும். வீடியோவா அனுப்பினா அது தன் இஷ்டத்துக்குக் குறைச்சு, குவாலிட்டி போயிடும்.

ஆல்பம்தம்பி
சாரி, வேலையில இருந்தேன். 6.3 ஜிபி, எம்பி4, ஒன்றரை மணி நேரம் ஓடும். ஏத்தறது முழுசா ஆகுது, லிங்க்கும் வருது. பார்ட்டி துபாய்ல இருக்காங்க, அங்க இறக்கும்போதுதான் 3.99 ஜிபி வந்ததும் ஃபெயில்ட்னு வருது. மூணு சைட்லயும் அதேதான்.

நெட்டுக்காரன்
டவுன்லோடு டைம் அவுட் ஆகுது. டவுன்லோடு மேனேஜர் போடச் சொல்லுங்க.

வயர்மேன்
டைம் அவுட்னா ஒரு தடவை 2-ல அறும், இன்னொரு தடவை 5-ல அறும். மூணு சைட்டும் சொல்லி வச்ச மாதிரி ஒரே இடத்துல நிக்காது. சைட் மேல தப்பில்லை.
பார்ட்டி எதுல சேவ் பண்றாங்க? நேரா பென்டிரைவ்லயா?

ஆல்பம்தம்பி
ஆமா, டிவியில போட்டுப் பார்க்க. 32 ஜிபி, காலியாத்தான் இருக்காம்.

வயர்மேன்
அப்ப அதுதான். 32 ஜிபி வரை உள்ள பென்டிரைவ் பெரும்பாலும் ஃபேட்32-லதான் (ஃபைலை அடுக்கி வைக்கிற பழைய முறை) வரும். அதுல ஒரு தனி ஃபைல் 4,294,967,295 பைட்டைத் தாண்ட முடியாது, அதாவது 4 ஜிபிக்கு ஒரு பைட் கம்மி. அளவை எழுதி வைக்கிற கட்டமே 32 பிட்தான். 28 ஜிபி காலியா இருந்தாலும் இதே கதி.
மொதல்ல லேப்டாப்ல இறக்கச் சொல்லுங்க. அப்புறம் பென்டிரைவ் மேல ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ்ல ஃபைல் சிஸ்டம் பார்க்கச் சொல்லுங்க. ஃபேட்32-ன்னா ஃபார்மட் போய், இந்த 4 ஜிபி தடை இல்லாத எக்ஸ்ஃபேட் முறையைத் தேர்ந்தெடுக்கணும் (உள்ள இருக்கிறது எல்லாம் அழியும், முன்னாடியே சொல்லிடுங்க). அப்புறம் காப்பி.
பழைய டிவி சிலது எக்ஸ்ஃபேட் படிக்காது. அப்படின்னா ஃபேட்32-லயே விட்டுட்டு நீங்க திரும்ப எக்ஸ்போர்ட் பண்ணுங்க. 90 நிமிஷம் 4 ஜிபிக்குள்ள அடங்க மொத்த பிட்ரேட் (ஒரு செகண்டுக்கு ஆகிற டேட்டா) 6.3 எம்பிபிஎஸ் தாண்டக் கூடாது. வீடியோ 5.5, ஆடியோ 192 கேபிபிஎஸ் வச்சா இடம் மிச்சமிருக்கும். குவாலிட்டி குறையக் கூடாதுன்னா முகூர்த்தம் வரை ஒண்ணு, ரிசப்ஷன் ஒண்ணுன்னு ரெண்டு ஃபைலா வெட்டிடுங்க. எனக்கு அதுதான் சரின்னு படுது, டிவியில ரிமோட் வச்சுத் தேடவும் சுலபம்.

தறிநூல்
இறக்கினது முழுசா வந்துச்சான்னு பார்க்க 7-ஜிப் இருந்தா போதும். ஃபைல் மேல ரைட் கிளிக், மெனுவுல சிஆர்சி ஷா, அதுல ஷா-256. ஃபைலோட கைரேகை மாதிரி ஒரு எழுத்து வரிசை வரும். உங்க பக்கமும் அவங்க பக்கமும் அது ஒண்ணா இருக்கணும்.

ராஜபார்ட்
அப்ப 3 ஜிபி துண்டா ஜிப் போட்டிருந்தா பென்டிரைவ்லயே இறங்கியிருக்குமே. நான் சொன்னதும் தப்பில்லையே?

பழைய மோடம்
இறங்கும். பிரிச்சு எங்க வைப்பீங்க? அதே பென்டிரைவ்ல பிரிச்சா திரும்ப 6.3 ஜிபி, திரும்ப 4-ல நிக்கும். துண்டா இருக்கிறதை டிவி தொடாது.

ராஜபார்ட்
லேப்டாப்ல பிரிக்கலாமே.

பழைய மோடம்
லேப்டாப்லயே இறக்கலாம்னா ஜிப் எதுக்கு?

ஆல்பம்தம்பி
பென்டிரைவ்தான் அண்ணா. லேப்டாப்ல முழுசா இறங்கிடுச்சு. நன்றி.

வயர்மேன்
டிவியில ஓடுச்சா?

ராஜபார்ட்
நெட் ஸ்லோவா இருந்தா துண்டு துண்டா இறக்கலாம்ல, அதுக்கு ஜிப்.