ஓடாத காரை எடுக்க 640 கிலோமீட்டர் போய் வந்தோம், உங்கள் கதையையும் சொல்லுங்கள்

போன மாதம் ஒரு 1969 ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒரு வழிக்கு மட்டும் 640 கிலோமீட்டர். பதினோரு வருடமாக ஒரு கொட்டகைக்குள் நின்ற வண்டி. போட்டோ பார்த்து, போனில் பேசி முடித்து, டிரெய்லரை மாட்டிக்கொண்டு அண்ணனும் நானும் விடியற்காலை மூன்றரைக்குக் கிளம்பினோம். போனதும் ஏற்றிக்கொண்டு இருட்டுவதற்குள் பாதி தூரமாவது திரும்பிவிட வேண்டும் என்பதுதான் திட்டம். அப்படி நடக்கவில்லை, நடக்காததே நல்லது என்று இப்போது தோன்றுகிறது.

வண்டியை விற்றவருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கதவைத் திறந்ததுமே "வாங்க தம்பி, முதலில் நம்பரைப் பாருங்க, மற்றதெல்லாம் அப்புறம்" என்றார். பீட்டிலில் சேஸ் நம்பர் பின் சீட்டுக்கு அடியில், நடுவே ஓடும் முதுகெலும்பின் மேல் குத்தியிருக்கும். சீட்டைத் தூக்கி, தூசியைத் துடைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோதுதான் எழுத்து தெரிந்தது. 119 என்று தொடங்கியது. முதல் இரண்டும் வண்டி வகை, மூன்றாவதாக இருக்கும் 9 தான் 1969 மாடல் என்பதைச் சொல்வது. அவர் காகிதத்தைப் படிக்க, நான் தகட்டைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்த்தோம். எவ்வளவு தூரம் போயிருந்தாலும் நம்பர் ஒத்துப்போகவில்லை என்றால் காலி டிரெய்லரோடு திரும்பிவிடுங்கள், இதில் நான் யாருக்கும் சமாதானம் சொல்ல மாட்டேன்.

சீட்டைத் தூக்கிய கையோடு வலப்பக்கம் பேட்டரி உட்காரும் இடத்தையும் பார்த்தேன். ஆசிட் சொட்டிச் சொட்டி இந்த வண்டியில் முதலில் அரிப்பது அந்தத் தகடுதான். ஸ்க்ரூடிரைவரால் அழுத்தினால் ஒரு மூலை அப்படியே உள்ளே இறங்கியது, உள்ளங்கை அளவுக்கு ஓட்டை. போனிலேயே சொல்லியிருந்தார், அதனால் மனது கலங்கவில்லை. பின்னால் போய் கிராங்க் புல்லியை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தேன். அந்த ஆட்டம் 0.15 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, கைக்கே 'டொக்' என்று தட்டினால் மெயின் பேரிங் (கிராங்க் தண்டைத் தாங்கும் பேரிங்) வேலை காத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். தட்டவில்லை. டைனமோ புல்லி நட்டில் 21 ஸ்பேனரை மாட்டி மெதுவாகத் திருப்பினேன், இன்ஜினும் சேர்ந்து திரும்பியது. பதினோரு வருடம் நின்ற இன்ஜின் எப்படி இறுகாமல் இருக்கிறது என்று கேட்டேன். மாதம் ஒருமுறை கையால் அரைச் சுற்று திருப்பி வைப்பாராம்.

அப்புறம்தான் டப்பாக்களை எடுத்து வந்தார். நாலு காலி பெயிண்ட் டப்பா. கார்புரேட்டரைக் கழற்றிய அன்று நிறுத்திய வேலை அது. கை நடுங்க ஆரம்பித்துவிட்டதாம், ஜெட்டை, அதாவது பெட்ரோல் போகும் அந்தச் சின்னத் துளைத் திருகை, பிடித்து மரையில் வைக்க முடியவில்லை, சரி அடுத்த வாரம் பார்ப்போம் என்று வைத்தது பதினோரு வருடமாகிவிட்டது. ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு துண்டுக் காகிதம், பென்சில் எழுத்து. ஒன்றில் "3 மரை போய்விட்டது, இறுக்காதே" என்று மட்டும் இருந்தது. மூன்றாவது சிலிண்டரில் ஸ்பார்க் பிளக் ஏறும் மரையைத்தான் சொல்கிறார்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று பீட்டில் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். அந்த வருடத்து வண்டிகளில் ஆயில் கூலர் ஃபேன் கூட்டுக்குள்ளேயே நிற்கும், மூன்றாவது சிலிண்டருக்குப் போக வேண்டிய காற்றை அது மறைத்துவிடும், அதனால் நாலில் அதிகம் சூடாவது அதுதான். 1971 மாடலில்தான் கூலரை அங்கிருந்து தள்ளி வைத்தார்கள். பிளக் இருக்கும் இடமோ கண்ணுக்கே தெரியாத மூலை. அந்தத் துண்டுக் காகிதம் இல்லாமல் நான் வீட்டில் பிளக்கை இறுக்கியிருந்தால் மிச்ச மரையும் பெயர்ந்து கையோடு வந்திருக்கும்.

ஓடாத கார் என்றால் யாரோ ஒருவர் பாதியில் நிறுத்திய வேலை. எங்கே நிறுத்தினார், ஏன் நிறுத்தினார் என்பதை வாங்காமல் தகரத்தை மட்டும் ஏற்றிக்கொண்டு வந்தால் அந்த வேலையை நாம் இருட்டில் தொடங்குகிறோம். அதனால் திட்டத்தை மறந்துவிட்டு மூன்று மணி நேரம் அவரோடு உட்கார்ந்தேன், அவர் சொல்வதையெல்லாம் போனில் பதிவு செய்துகொண்டேன்.

ஏற்றுவதுதான் பெரும்பாடு. ஹேண்ட்பிரேக்கைப் போட்டே நிறுத்தியிருக்கிறார், பின் சக்கரம் இரண்டிலும் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொண்டது. பின் தகட்டில் இருக்கும் துளை வழியாக அட்ஜஸ்டரைத் தளர்த்தி, மரச் சுத்தியால் டிரம்மைச் சுற்றித் தட்டித் தட்டி, ஒன்று அரை மணியில் விட்டது, மற்றொன்றுக்கு இரண்டு மணி நேரம். விட்டபோது வந்த சத்தத்தில் அவரே கை தட்டினார். டயரில் 0806 என்று இருந்தது, அதாவது 2006-இன் எட்டாவது வாரம், காற்று நிற்கவே இல்லை. நண்பரிடம் இரவல் வாங்கிப் போயிருந்த நாலு சக்கரங்கள் காப்பாற்றின.

முதலில் மூக்கு முன்னால் இருக்கும்படி ஏற்றினோம். சாலைக்கு வந்து ஐம்பதைத் தொட்டதுமே டிரெய்லர் வால் ஆட்ட ஆரம்பித்தது. இன்ஜின் பின்னால் இருக்கும் வண்டி அல்லவா, எடை முழுக்க அச்சுக்குப் பின்னால் போய்விட்டது. மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இழுக்கும் கொக்கியில் விழ வேண்டும், இல்லாவிட்டால் வேகம் கூடக் கூட ஆட்டமும் கூடும். மெதுவாக நாலு கிலோமீட்டர் திரும்பிப் போய், இறக்கி, வண்டியைத் திருப்பி, பின்பக்கம் முன்னால் இருக்கும்படி ஏற்றினோம். ஆட்டம் நின்றுவிட்டது. பெல்ட்டை பாடியில் கட்டாமல் சக்கரங்களின் மேல் கட்டினோம், அப்போதுதான் ஸ்பிரிங் ஏறி இறங்கினாலும் பெல்ட் தளராது. அப்படியும் 25 கிலோமீட்டரில் நிறுத்திப் பார்த்தபோது நாலு பெல்ட்டும் இரண்டு பல் தளர்ந்திருந்தன. அதன் பிறகு ஒவ்வொரு நிறுத்தத்திலும் பெல்ட்டை இழுத்துப் பார்ப்பது, டிரெய்லர் சக்கரத்தின் நடுவில் கை வைத்துச் சூடு பார்ப்பது, அண்ணன் ஒரு பக்கம் நான் ஒரு பக்கம்.

வீடு வந்து சேர்ந்தபோது மறுநாள் காலை நாலு மணி. எத்தனை மணியானாலும் கூப்பிடச் சொல்லியிருந்தார். முதல் மணியிலேயே எடுத்தார். "வந்துட்டீங்களா? மூணாவது பிளக்கைத் தொடலையே?" என்றார்.

சரி, நீங்கள் போய் எடுத்து வந்த கதைகளை எழுதுங்கள்.

*

படித்ததும் வயிறு கலங்கியது நண்பரே, நான் அந்த மூன்று மணி நேரத்தைச் செலவழிக்காதவன். 400 கிலோமீட்டர் போய் ஒரு மினி காரை எடுத்தேன். இன்ஜின் தனியாக, பெட்டி பெட்டியாகப் பாகங்கள். மழை வரும்போல் இருந்ததால் அவசரமாக ஏற்றிக்கொண்டு, பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன், விற்றவரிடம் பத்து நிமிடம்கூடப் பேசவில்லை. இரண்டு வருடம் கழித்து இன்ஜினைப் பூட்டினேன். மினியில் கியர்பாக்ஸ் இன்ஜினுக்கு அடியிலேயே, ஒரே எண்ணெயில் ஓடும், மெயின் பேரிங்கைத் தொட வேண்டுமானால் இரண்டையும் சேர்த்து வெளியே எடுத்துப் பிரிக்க வேண்டும். பூட்டி, ஏற்றி, ஸ்டார்ட் செய்தால் ஆயில் அழுத்தம் வரவில்லை. திரும்ப எல்லாம் பிரித்து அளந்தால் கிராங்கை முன்பே 0.25 மில்லிமீட்டர் கடைந்து மெலிதாக்கியிருக்கிறார்கள், நான் சாதாரண அளவு பேரிங் போட்டிருக்கிறேன். பூட்டுவதற்கு முன் அளக்காதது என் தவறு, அது தனி. ஆனால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். தேடிப் பார்த்தேன், அந்தப் போன் நம்பர் இப்போது உபயோகத்தில் இல்லை.

*

என்னுடையது சிட்ரோயன் டிஎஸ், 1970. ஏற்றிய கதையை மட்டும் சொல்கிறேன். இந்த வண்டிக்குச் சாதாரண ஸ்பிரிங் கிடையாது, வாயு உருண்டையும் எண்ணெய் அழுத்தமும்தான் தூக்கி நிறுத்தும், இன்ஜின் ஓடவில்லை என்றால் வயிறு தரையைத் தொடுகிற மாதிரி படுத்துவிடும். படுத்த வண்டியை டிரெய்லர் பலகையில் இழுத்தால் அடியில் போகும் குழாய்களெல்லாம் உரசிப் பிய்ந்துவிடும். சரிவைக் குறைக்க பலகைக்கு முன்னால் இரண்டு மீட்டர் நீளத்துக்கு மரக்கட்டைகளை அடுக்கி, வின்ச்சை ஒரு ஆள் திருப்ப, இன்னொரு ஆள் தரையில் படுத்து அடியைப் பார்த்துக்கொண்டே "நிறுத்து, நிறுத்து" என்று கத்த, ஒரு வண்டி நீளத்தைக் கடக்க ஒன்றரை மணி நேரம் ஆனது.

விற்ற அம்மா ஒரே ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: "பச்சை எண்ணெய்தான், சிவப்பை ஊற்றிடாதீங்க." அவர் கணவர் சொல்லி வைத்ததாம். 1966-க்கு முந்தைய டிஎஸ் சிவப்பு எண்ணெயில் ஓடும், அப்புறம் வந்தவை பச்சை, ஒன்றுக்கு மற்றதை ஊற்றினால் ரப்பர் சீல் அத்தனையும் கெட்டுவிடும். அந்த அம்மாவுக்கு வண்டி ஓட்டவே தெரியாது. ஆனால் அதை ஒரு தாளில் எழுதி, அந்த எண்ணெய் டேங்க் மூடியில் நூலால் கட்டி வைத்திருந்தார். அந்தத் தாளை நான் இன்னும் அவிழ்க்கவில்லை.

*

எல்லோருக்கும் வணக்கம். வருகிற சனிக்கிழமை 900 கிலோமீட்டர் போகிறேன், பழைய ஃபியட் ஒன்று, நாலைந்து வருடமாக நிற்கிறது. இதுதான் முதல் தடவை. என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

*

தம்பி, நாலு சக்கரம் இரவல் கிடைத்தால் எடுத்துப் போங்கள், போல்ட் இடைவெளி ஒன்றுதானா என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். காற்றடிக்கும் சின்ன பம்ப், மரச் சுத்தி, துருவில் அடிக்கும் எண்ணெய், நல்ல ஜாக்கி, ஜாக்கிக்கு அடியில் வைக்க அகலமான பலகை (துருப்பிடித்த வண்டியில் ஜாக்கி ஏறும், வண்டி ஏறாது, தகரம்தான் மடங்கும்), பெல்ட் ஆறு, இரண்டு கூடுதலாகவே இருக்கட்டும். டிரெய்லருக்கு ஸ்டெப்னி இருக்கிறதா என்று கிளம்பும் முன் பாருங்கள், எல்லோரும் காருக்குப் பார்ப்பார்கள், டிரெய்லருக்கு மறந்துவிடுவார்கள். துணி சுற்றிய காந்தம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், ஒட்டாத இடத்தில் தகரத்தின் மேல் பூசிய பட்டி தடித்து இருக்கிறது என்று அர்த்தம். உங்கள் வண்டிக்கு இன்ஜின் முன்னாலா பின்னாலா என்று பார்த்து ஏற்றுங்கள், ஃபியட்டில் இரண்டு மாதிரியும் உண்டு. அப்புறம் ஒரு நோட்டும் பேனாவும். என்னென்ன கழற்றினார்கள், எதை மாற்றினார்கள், கடைசியாக ஓடியபோது என்ன கோளாறு என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள், வந்ததும் இங்கேயே போடுங்கள்.