அவரையில அசுவினி: செடிக்கே எதிர்ப்பு சக்தி ஏத்துற டானிக் வேலை செய்யுமா?

மொச்சைக்காடு:
வணக்கம் நண்பர்களே. ஒட்டன்சத்திரம் பக்கம் பந்தல் அவரை போட்டிருக்கோம், இப்ப பூ எடுக்குற நேரம், கொழுந்து பூங்கொத்து எல்லாத்துலயும் சாறு உறிஞ்சுற அசுவினிப் பூச்சி கருப்பா அப்பிக் கெடக்குது, இலையெல்லாம் பிசுபிசுன்னு ஆகி எறும்பு வேற வரிசை கட்டி ஏறுது. உரக்கடையில கேட்டா மருந்தே வேணாம், செடிக்கு எதிர்ப்பு சக்தி ஏத்துனா போதும்னு சிலிக்கா ஒண்ணும் சாலிசிலிக் ஆசிட் கலந்த டானிக் ஒண்ணும் எடுத்து வைக்கிறாங்க. நெஜமாவே கேக்குமா, இல்ல கலர் தண்ணியா? யூரியா வழக்கம்போல குடுத்துட்டுதான் இருக்கோம்.

வரப்போரம்:
மொதல்ல யூரியாவ நிறுத்துங்க ப்ரோ!! அவரை வேர்முடிச்சுலயே தழைச்சத்த புடிச்சுக்கும், மேல மேல யூரியா போட்டா சாறுல அமினோ அமிலம் கூடும், அசுவினிக்கு அதுதான் விருந்து. பொட்டாஷ் பத்தலைன்னாலும் இதே கதைதான்.

இலைநரம்பு:
கலர் தண்ணின்னு சொல்ல மாட்டேன், ஆனா உங்க பயிருக்கும் இப்ப இருக்குற நிலைமைக்கும் ஒத்து வராது. சிலிக்கா நெல், சோளம், கோதுமை மாதிரி புல் வகைக்குத்தான் நல்லா கேக்கும், அதுங்க வேர்ல இழுத்து இலைத்தோல்ல சேத்து வச்சுக்கும், அவரை அவ்வளவு எடுக்காது. சாலிசிலிக் ஆசிட்டு, சாறு உறிஞ்சுற பூச்சி கடிச்சா செடி தானாவே சுரக்குறதுதான், வெளியில இருந்து குடுத்தா முன்கூட்டியே உஷாராகும், அதாவது பூச்சி வர்றதுக்கு முன்னாடி அடிக்கணும், அப்பின பிறகு அடிச்சு என்ன பிரயோஜனம்? இன்னொண்ணு, புழுவுக்கு எதிரா செடி நம்புறது ஜாஸ்மோனிக் ஆசிட், சாலிசிலிக் ஏறுனா பல செடியில அது இறங்கும். அவரையில காய்ப்புழு வர்ற நேரத்துல அந்த ரிஸ்க் தேவையா யோசிங்க.

செடியவே பூச்சிய விரட்ட வைக்கிற முயற்சி வேற விதத்துலயும் நடந்துச்சு. இங்கிலாந்துல ரோதம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்துல, ஆபத்து வந்தா அசுவினி மத்த அசுவினிய எச்சரிக்க விடுற அபாய வாசனையையே கோதுமை விடுற மாதிரி ஜீன் மாத்தி 2012, 2013ல வயல்ல போட்டுப் பாத்தாங்க. லேப்ல பூச்சி தெறிச்சு ஓடுச்சு, வயல்ல ஒரு வித்தியாசமும் இல்ல. அந்த வாசனை ஆபத்து வந்தப்ப மட்டும் சட்டுன்னு வரணும், எந்நேரமும் அடிச்சா யார் மதிப்பா.

மொச்சைக்காடு:
ரொம்ப நன்றிங்க. அப்ப இப்போதைக்கு என்னதான் பண்றது?

வரப்போரம்:
ரொம்ப அப்பின நுனிய கிள்ளி சாக்குல போட்டு தோட்டத்துக்கு வெளிய கொண்டு போயிடுங்க. மீதிக்கு 5 சதம் வேப்பங்கொட்டை கரைசல், காதி சோப்பு கொஞ்சம் கலந்து சாயங்காலமா இலைக்கு அடியில படுற மாதிரி அடிங்க. பந்தக்கால்ல கிரீஸ் தடவி எறும்ப தடுங்க, எறும்பு காவல் இருக்குற வரைக்கும் அசுவினிய தின்னுற பொறிவண்ட கிட்ட விடாது. அசுவினி ஆணே இல்லாம குட்டி போடுற ஜாதி, வாரம் பத்து நாள்ல அந்தக் குட்டியும் குட்டி போடும், அதனால ஒரு தடவ அடிச்சுட்டு விட்றாதீங்க.

இலைநரம்பு:
பொறிவண்டோட புழு குட்டி முதலை மாதிரி கருப்பா ஆரஞ்சுப் புள்ளியோட திரியும், அதையும் பூச்சின்னு நெனச்சு நசுக்கிடாதீங்க. வேலையாள் கிட்டயும் சொல்லி வைங்க.